ஊர் எழுதாத கல்

பிளவக்கல் என் ஊர். பெயரிலேயே கல்லுண்டு, மலையும் ஓடையும் கல்லே. எனினும் அக்கல்லுள் ஒரு சிப்பியின் சுவடும் காண்டற்கில்லை. எம்மலைப் பாறைகள் நிலத்தின் ஆழத்தே பெருவெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறியவை. இக்குறையே தொல்லுயிர்ப் படிவங்களைத் தேடியலைந்தாரின் பழம்பதிவுகளில் எனக்குப் பெருவேட்கையை மூட்டிற்றுப் போலும்.

1840-ஐ அடுத்த ஆண்டுகளில் கே, கன்லிஃப் என்னும் சென்னை மாகாண அரசு அலுவலர் இருவர் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பக்கங்களிற் படிவங்களைத் திரட்டினர். எட்வர்டு ஃபோர்ப்ஸ் 1846-இல் அவற்றை விளக்கி எழுதினார். பின்னர் ஹென்றி பிளான்ஃபோர்டு அந்நிலத்தை ஆராய்ந்து, ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகட்கு முன் அங்குக் கிடந்த கடலின் படிவுகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பகுத்தார். ஊட்டத்தூர் என்னும் சிற்றூர் உலகநூல்களில் ஏறியது இங்ஙனமே. இன்ன சிப்பி இன்ன ஊரில், இன்ன அடுக்கில் என்று குறித்து வைத்தமையாலன்றோ, ஃபெர்டினாண்டு ஸ்டொலிச்கா அவற்றை ஒவ்வொன்றாய்ப் பெயரிட்டு, ஓவியங்களுடன் பெருநூல் இயற்ற முடிந்தது!

அந்நூல் முற்றுப்பெற்ற 1873-ஆம் ஆண்டிலேயே ஸ்டொலிச்கா யார்க்கண்டுத் தூதுக்குழுவுடன் பனிமலைகட்கு அப்பாலுள்ள பாலைநிலத்திற்குப் புறப்பட்டார். திரும்புங்கால் காரகோரம் கணவாயைக் கடந்தபின், 1874 ஜூன் 19-இல் லடாக்கு நாட்டு முர்கோவில் உயிர் நீத்தார். அகவை 36. அவர் எழுதிய குறிப்புக்களோ பிழைத்து மீண்டன. ஹென்றியின் உடன்பிறந்தாராகிய வில்லியம் பிளான்ஃபோர்டு அவற்றைக்கொண்டே அப்பயணத்தின் பூகர்ப்ப ஆராய்ச்சியை 1878-இல் வெளியிட்டார். இறந்தாரின் கையெழுத்தைப் பக்கம் பக்கமாய்ப் படித்து அச்சேற்றுதல் எத்துணைத் துயர்மிக்க பணியாயிருந்திருக்கும்!

இவற்றை யான் படித்துக்கொண்டிருந்த நாளில், நண்பரொருவர் அரியலூரினின்று ஆட்டுக்கொம்புபோற் சுருண்ட கல்லொன்று கொணர்ந்தார். அம்மோனைட்டு என்னும் கடலுயிரின் படிவம் அது. எவ்வூர், எவ்வடுக்கு என வினவினேன்.

"சுண்ணாம்புக்கல் வெட்டுமிடத்தில் யாரோ கொடுத்தார், ஐயா" என்றார்.

ஸ்டொலிச்காவின் ஓவியங்களோடு ஒப்பிட்டால் அதன் இனத்தை ஒருவாறு அறியலாம். அது கிடந்த இடத்தை எவ்வோவியம் கூறும்? சிமிட்டிக்காக அங்கே பாறைகள் பெயர்க்கப்படுகின்றன; பெயர்த்த அடுக்கை மீண்டும் அடுக்குவார் இலர். நண்பர் அடுத்த திங்கள் மீண்டும் அங்குச் செல்கின்றார். அவர் பையில் ஒரு பென்சிலும் சிறு தாட்கட்டும் வைத்தனுப்ப எண்ணியுள்ளேன்.