மின்னலுக்கும் இடிக்கும் நடுவே

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்)

காலம் பொன் போன்றது என்பார்கள். காலம் உயிர் போன்றது என்பதை என் பதினோராம் வயதில் பருத்திக்காட்டில் கற்றேன்.

கோவில்பட்டியை அடுத்த கரிசல் கிராமம் எங்களுடையது. பங்குனியில் அம்மா பருத்தி எடுக்கக் கூலிக்குப் போவாள். விடுமுறை நாளில் நானும் போவேன். வானம் இருட்டினால், "மின்னல் வெட்டுனதும் எண்ணு தாயி. பத்துக்குள்ள இடி கேட்டா ஓடீரணும்" என்பாள். எடுத்த எடைக்குத்தான் கூலி. மழைக்குமுன் நிரையை முடித்தாக வேண்டும்.

அன்று மின்னல் வெட்டியது. பயத்தில் மளமளவென்று எண்ணினேன். இடி கேட்டபோது, "பதினஞ்சும்மா" என்றேன். அம்மா நம்பிக் குனிந்தாள். அடுத்த மின்னல் வரப்போரத்துப் பனையைப் பிளந்தது. இரண்டு நாள் அம்மாவுக்குக் காது கேட்கவில்லை. உண்மையில் ஏழு வினாடிகூட ஆகியிராது. ஒலி ஒரு கிலோமீட்டர் கடக்க ஏறத்தாழ மூன்று வினாடி. முப்பது வினாடிக்குள் இடி கேட்டாலே ஆபத்து என்பதையும் பின்னர்தான் படித்தேன். என் தவறை நான் யாரிடமும் சொல்லவில்லை.

நண்பர்களே, வகுப்பில் 'பறப்பு நேர' முறையைப் பேராசிரியர் விளக்கியபோது அந்தப் பனைமரமே என் கண்முன் நின்றது.

இயற்கையில் காணக் கிடைக்காத, விரைவில் சிதைந்துவிடும் அரிய ஐசோடோப்புகளை முடுக்கிகளில் உண்டாக்குகிறார்கள். தங்கம் போன்ற கனமான தனிமங்கள் விண்வெளியில் எப்படி விளைந்தன என்பதை அறிய இவை உதவுகின்றன. ஆனால் அவை கலவையாகத்தான் வருகின்றன. எது எது என்று அறிவது எப்படி? ஒரே மின்னூட்டம் உடையவை காந்தப்புலத்தில் ஒரே பாதையில் வளைந்து சென்றால், கனமானது மெதுவாகப் போகும்; பிந்தி வரும். ஒளியின் வேகத்தில் பாதியில் 30 மீட்டர் கடக்க 200 நானோ வினாடி ஆகும். நிறை எண் 100 உடையதற்கும் 101 உடையதற்கும் இடையே வித்தியாசம் ஏறத்தாழ ஒன்றரை நானோ வினாடிதான்! ஒரு நானோ வினாடி என்பது ஒரு வினாடியில் நூறு கோடியில் ஒரு பங்கு. எண்ணுகிறவர் பதறினால் அங்கும் ஆள் மாறிவிடும்.

ஆகவே நேரங்காட்டும் உணர்கருவிகளைச் செம்மைப்படுத்துகிறார்கள். அயனி மெல்லிய பிளாஸ்டிக் தகட்டைக் கடக்கையில் ஒளி மினுக்கும். தகட்டின் ஒரு முனையில் மட்டும் ஒளியைப் பிடித்தால், அயனி எங்கே பட்டது என்பதைப் பொறுத்து நேரம் மாறும். இரு முனைகளிலும் பிடித்துச் சராசரி எடுத்தால் அந்தப் பிழை நீங்கும். எத்தனை எளிய யுக்தி! ஓயாது அயனிகள் பாய்ந்தால் பிளாஸ்டிக் மங்கிவிடும் என்பதால், வைரத் தகடுகளையும் பயன்படுத்துகிறார்கள். சில பத்துப் பிக்கோ வினாடி அளவுக்குத் துல்லியம் வந்துவிட்டது. ஒரு பிக்கோ வினாடியில் ஒளியே 0.3 மில்லிமீட்டர்தான் நகரும்.

அமெரிக்காவின் மிச்சிகனில் இதற்கென ஒரு பெரும் முடுக்கி 2022இல் இயங்கத் தொடங்கியது. நம் நாட்டிலும், பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்காகப் பல்கலைக்கழக மானியக் குழு 1984இல் தில்லியில் நிறுவிய முடுக்கி மையத்தில், லித்தியம்-7 கற்றையிலிருந்து 53 நாள் அரை ஆயுள் கொண்ட பெரிலியம்-7 கற்றையை உண்டாக்கியிருக்கிறார்கள். நம்மைப் போன்ற மாணவர்களுக்கும் திறக்கக்கூடிய கதவு அது.

எங்கள் வீட்டில் பட்டம் வாங்கப்போகும் முதல் ஆள் நான். தீப்பெட்டி ஆபீசில் கணக்கெழுதப் போவதா, எம்.எஸ்சி. சேர்வதா என்ற பேச்சு வீட்டில் எழுந்தது. "காலேசுல என்னதாம் படிக்கிற?" என்று அம்மா கேட்டாள். அரிய ஐசோடோப்பை அவளுக்கு எப்படிச் சொல்வது?

"எண்ணப் படிக்கிறேம்மா" என்றேன்.

அம்மா சற்று நேரம் என்னையே பார்த்தாள். "அப்பப் படி. இந்தத் தடவ பதறாம எண்ணு" என்றாள்.

ஒன்பது ஆண்டுகளாக அவளுக்கும் தெரிந்துதான் இருந்திருக்கிறது!