காப்பார் குளத்தில் ஆப்பிரிக்க மீன்

கிள்ளான் பட்டணத்தை விட்டு வடக்கே, கோலசிலாங்கூர் போகும் பெரிய சடக்கில் சிறிது தூரம் ஓடினால் காப்பார் வந்துவிடும். ஒரு காலத்தில் இந்தச் சடக்கின் இரு பக்கமும் பால்மரக் காடுதான். பிறகு செம்பனை வந்தது. இப்போது தொழிற்சாலைகள், கிடங்குகள், வரிசை வீடுகள். கடல் பக்கம் திரும்பினால், 1980-களில் எழுந்த மின்நிலையத்தின் புகைபோக்கிகள் வானத்தைத் தொட்டு நிற்கின்றன.

எல்லாம் மாறினாலும் காப்பாரில் மாறாதது ஒன்று உண்டு. அது தண்ணீர். தாழ்ந்த கடலோர நிலம். எங்கு பார்த்தாலும் அல்லூர்கள். கடல் ஏறும்போது அடைத்து, இறங்கும்போது திறந்துவிடும் மதகுகள். இங்கே மண்வெட்டியைப் போட்டால் கிணறு தோண்டாமலே தண்ணீர் கண்டுவிடலாம். அதனால்தானோ என்னவோ, இந்த ஊரில் யாருக்காவது கையில் கொஞ்சம் பணம் சேர்ந்தால், "மீன் வளர்க்கலாமே!" என்ற எண்ணம் உடனே பிறந்துவிடுகிறது.

என் தங்கை வீட்டிலும் அதுதான் பிறந்தது. மாப்பிள்ளை வேலை பார்த்த தோட்டம் கைமாறி, வீட்டுமனை ஆகப் போகிறது. நட்டஈடாகக் கொஞ்சம் பணம். சேமநிதிப் பணம் கொஞ்சம். இரண்டும் சேர்ந்த நேரத்தில் ஒருவர் வந்து ஆசை காட்டியிருக்கிறார். நான்கு பெரிய குளம், ஆயிரக்கணக்கில் கெளுத்திக் குஞ்சு, ஆறே மாதத்தில் போட்ட பணம் இரட்டிப்பு!

தங்கை தொலைபேசியில் அழாத குறைதான். "அண்ணே, ஒரு தடவை வந்து பேசிட்டுப் போங்க. இவரு கையெழுத்துப் போட்டுடுவாரு போலிருக்கு."

மறுநாள் காலை தங்கை வீட்டில் பசியாறிவிட்டு, மாப்பிள்ளையின் மோட்டார் சைக்கிளில் கிளம்பினோம். "முதலில் குளம் பார்ப்போம், மாப்பிள்ளை. பிறகு கையெழுத்தைப் பார்ப்போம்" என்றேன்.

முதலில் பார்த்த குளத்தில் மீன் இல்லை. இடுப்பளவு புல்தான் இருந்தது. பல குடும்பங்கள் சேர்ந்து வெட்டிய குளமாம். திறப்பு விழாவுக்கு மாலை, மேளம், புகைப்படம் எல்லாம் உண்டாம். முதல் அறுவடைவரை எல்லாரும் வந்தார்கள். மறுபடி தீனி வாங்கப் பணம் போட வேண்டிய நேரத்தில் பாதிப் பேரைக் காணவில்லை. இரவுக் காவலுக்கு யார் என்பதில் சண்டை. கடைசியில் ஒரு நாள் மீனும் போயிற்று, வலையும் போயிற்று. பெயர்ப்பலகை மட்டும் துருப்பிடித்து நிற்கிறது.

இரண்டாவது குளம் ஒரு வீட்டின் கொல்லையில் இருந்தது. இரண்டு கார் நிறுத்தும் இடம் இருக்கும், அவ்வளவுதான். கரையில் வாழை, மரவள்ளி, கீரை. அறுபதைத் தாண்டிய ஓர் அம்மா தினமும் காலையில் கரையைச் சுற்றி வருகிறார். ஒரு காலத்தில் பால் வெட்டியவர்.

"எத்தனை வருசமா வளர்க்கிறீங்க, அம்மா?" என்று கேட்டேன்.

"பேரன் பொறந்த வருசம் வெட்டினது, தம்பி. அவன் இப்ப படிவம் மூணு படிக்கிறான்."

குளத்தில் திலாப்பியாவும் கெளுத்தியும் சேர்ந்து கிடந்தன. மரவள்ளி இலை, சோற்று மிச்சம், தவிடு, கொஞ்சம் கடைத்தீனி. கோழிக் குடல் போடுவதில்லை. "அதனாலதான் பக்கத்துக் கம்பத்து மலாய்க்காரங்க நம்பி வாங்குறாங்க" என்றார்.

"பெரிசாச் செய்ய ஆசை இல்லையா?" என்று மாப்பிள்ளை ஆவலோடு கேட்டார்.

அம்மா சிரித்தார். "வீட்டுல அஞ்சு கோழி வளர்க்கிற மாதிரிதான் தம்பி இது. அஞ்சு கோழியை நம்பி யாராவது கடன் வாங்குவாங்களா?"

மாப்பிள்ளை ஒன்றும் பேசவில்லை. எனக்கோ ஆப்பிரிக்கா ஞாபகம் வந்தது. காப்பாரில் நின்றுகொண்டு ஆப்பிரிக்காவை ஏன் நினைக்க வேண்டும் என்கிறீர்களா? அந்த அம்மாவின் குளத்தில் நீந்திய இரண்டு மீனுக்குமே சொந்த ஊர் ஆப்பிரிக்காதான்!

திலாப்பியாவில் முதலில் நமக்கு அறிமுகமானது மொசாம்பிக் நாட்டுப் பக்கத்து இனம். 1939-ல் அது ஜாவாத் தீவில் காணப்பட்டது. ஜப்பான்காரன் ஆட்சியில் மலாயாவுக்கு வந்தது. அதனால் பழைய ஆட்கள் அதை 'ஜப்பான் மீன்' என்றே சொன்னார்கள். பஞ்ச காலத்துக்கு உதவிய மீன்தான். ஆனால் அதற்கு ஒரு கெட்ட குணம். இரண்டு மூன்று மாதத்திலேயே முட்டையிடத் தொடங்கிவிடும். குளம் முழுவதும் குஞ்சு நிறையும். எதுவும் கை அகலத்துக்கு மேல் வளராது.

இதற்கு வழி தேடியதும் நம் நாட்டில்தான். மலாக்கா பத்து பெரண்டாமில் 1957-ல் ஒரு மீன் ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. அங்கே ஹிக்லிங் என்ற ஆங்கிலேய நிபுணர், ஆப்பிரிக்காவின் சன்சிபார் தீவிலிருந்து வந்த ஆண் மீனையும் இங்கிருந்த பெண் மீனையும் கலந்தார். பிறந்தவை எல்லாம் ஆணாகவே இருந்தன. ஆணாக இருந்தால் குஞ்சு பெருகாது, மீன் பெருக்கும். 1960-ல் இதை அவர் உலகுக்கு எழுதினார்.

காப்பார் அம்மாவுக்கு ஹிக்லிங்கைத் தெரியாது. ஆனால் அவரும் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறார். குளத்தில் நாலைந்து கெளுத்தியை விட்டால் அது திலாப்பியாக் குஞ்சைத் தின்று கணக்கைச் சரி செய்துவிடும். ஆப்பிரிக்கக் குடியானவர்களும் இதே முறையைக் கையாளுகிறார்கள். 1980-களில் இங்கே பரவிய பெரிய கெளுத்தியும் அங்கிருந்து வந்த இனம்தானே!

மீன் அங்கிருந்து வந்தது. அநுபவமும் அங்கிருந்து வரட்டும் என்பதுதான் என் எண்ணம்.

வெள்ளைக்காரர் ஆட்சியில் ஆப்பிரிக்கா முழுவதும் மீன் குளம் வெட்டச் சொல்லி ஊக்கினார்கள். 1950-களின் இறுதியில் அங்கே ஏறத்தாழ 3 லட்சம் குளங்கள் இருந்தன. கேட்கவே பெருமையாக இருக்கிறதல்லவா? ஆனால் அடுத்த சில ஆண்டுகளில் அவற்றில் பெரும்பாலானவை புல் மண்டிப் போயின. குஞ்சு கொடுத்த அரசாங்கப் பண்ணை படுத்தது. சொல்லிக்கொடுத்த அதிகாரி வருவதை நிறுத்தினார். கிடைத்த மீனும் சிறுத்துப் போனது. ஒரு திட்டத்தை வெட்டிய குளங்களின் எண்ணிக்கையால் அளந்தால் இப்படித்தான் ஏமாறுவோம்.

இந்தப் பாடத்தைப் படித்துவிட்டு, ஐக்கிய நாட்டு உணவு விவசாய நிறுவனம் 1986-ல் வேறு விதமாக ஒரு திட்டத்தைத் தொடங்கியது. அதற்கு 'அல்காம்' என்று பெயர். சுவீடன் நாடு பண உதவி செய்தது. முதலில் சாம்பியாவின் லுசாக்காவிலும், பிறகு சிம்பாப்வேயின் ஹராரேயிலும் தலைமையிடம் வைத்து, தென் ஆப்பிரிக்க வட்டார நாடுகளில் வேலை செய்தது. பெரிய பண்ணை கட்டுவது அதன் நோக்கமல்ல. சாதாரணக் குடியானவன் ஏன் குளம் வெட்டுகிறான், ஏன் விட்டுவிடுகிறான், வீட்டுப் பெண்களுக்கு அதில் என்ன பங்கு என்று விசாரித்து, சின்னச் சின்னதாகச் சோதனை செய்து பார்த்தது.

அதில் தெரிந்தவை நமக்கும் பொருந்தும். ஏழைக் குடும்பத்துக்குக் குளம் முழுநேரத் தொழிலல்ல. சோளக் கொல்லை, கோழி, காய்கறி இவற்றோடு அதுவும் ஒரு துணை. மீன் குஞ்சை எங்கோ இருக்கும் அரசாங்கப் பண்ணையிலிருந்து எதிர்பார்த்தால் திட்டம் படுத்துவிடும். பக்கத்து வீட்டுக்காரனே குஞ்சு வளர்த்து விற்றால் நிலைக்கும். குளத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த அந்தத் திட்டம், போகப் போக ஊர் அணைகளையும் சிற்றேரிகளையும் சேர்த்துக்கொண்டு தன் பெயரின் விரிவையே மாற்றிக்கொண்டது. தவறைத் திருத்திக்கொள்வதும் ஒரு வெற்றிதானே!

மலாவி நாட்டில் இன்னொன்று நடந்தது. 1990-களின் தொடக்கத்தில் அங்கே கடும் வறட்சி. சோளம் கருகியது. குளம் வைத்திருந்தவர்கள் மட்டும் குளத்தின் ஈரச் சேற்றில் காய்கறி போட்டுச் சமாளித்தார்கள். மீனுக்கு வெட்டிய குளம் கீரையால் சோறு போட்டது. காப்பார் அம்மாவின் கரையில் நிற்கும் வாழையைப் பார்த்தபோது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

ஆனால் நம் ஊருக்கென்று ஒரு தனி ஆபத்து உண்டு. கிள்ளான் கடலோர மண்ணில் சில இடங்களில் ஆழமாகத் தோண்டினால் புளிப்புக் களிமண் வெளியே வரும். கரையில் குவித்த அந்த மண் காய்ந்து, மழை பெய்ததும் புளிப்பு நீர் குளத்தில் இறங்கும். தண்ணீர் கண்ணாடி மாதிரித் தெளியும். அழகாக இருக்கிறதே என்று நினைப்போம். மறுநாள் மீன் மிதக்கும். அல்லூர்த் தண்ணீர் துரு நிறத்தில் ஓடினால் உஷாராகிவிட வேண்டும். சுண்ணாம்பு போட்டுத் திருத்தலாம், ஆனால் அதுவும் செலவுதான். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று பெரியவர்கள் சொன்னது ஆற்றுக்கு மட்டுமல்ல, குளத்துக்கும்தான்.

தீனிச் செலவு இன்னொரு பூதம். நெருக்கமாகக் கெளுத்தி வளர்ப்பவருக்கு மொத்தச் செலவில் பாதிக்கு மேல் தீனிக்கே போய்விடும். தீனி விலை ஏறினால் லாபம் கரையும். நான்கு பெரிய குளம் என்று சொன்னவர் இதைச் சொல்லவில்லை.

அன்றிரவு திண்ணையில் உட்கார்ந்து பேசினோம். "அப்போ வேண்டாம்னு சொல்றீங்களா, மச்சான்?" என்று மாப்பிள்ளை கேட்டார். குரலில் வருத்தம். தோட்டத்து வேலை போகிற மனுசனுக்குக் கையில் ஒரு தொழில் வேண்டுமே!

"வேண்டாம் என்று சொல்லவில்லை, மாப்பிள்ளை. மூன்று கேள்வி கேட்கிறேன். முதல் மீனை விற்ற பிறகு அடுத்த குஞ்சும் தீனியும் யார் காசில் வரும்? நம் இடத்து மண்ணும் தண்ணீரும் ஒத்துக்கொள்ளுமா? வலை இழுக்கும்போது, வீட்டில் யார் வேலை பார்ப்பது, யார் சாப்பிடுவது?"

மூன்றாவது கேள்விக்குத் தங்கைதான் நிமிர்ந்தாள். அதற்கும் ஒரு கதை சொன்னேன். சகுந்தலா தில்ஸ்டெட் என்று ஓர் அம்மையார். கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாக நம் மக்கள் போன திரினிடாட் தீவில், இந்திய வம்சாவளியில் பிறந்தவர். வங்காள தேசத்தில், குளத்தில் பெரிய கெண்டையோடு 'மோலா' என்ற பொடிமீனையும் வளர்க்கலாம் என்று காட்டினார். பெரிய மீன் பாசாருக்குப் போகட்டும், பொடிமீன் தலையோடும் முள்ளோடும் பிள்ளைகள் வயிற்றுக்குப் போகட்டும் என்பது அதன் பலன். பிள்ளைகளின் கண்ணுக்கு வேண்டிய வைட்டமின் அதில் நிறைய உண்டு. 2021-ல் அவருக்கு உலக உணவுப் பரிசு கிடைத்தது. அவர் வேலை பார்த்த உலக மீன் ஆய்வு நிலையத்தின் தலைமையகம் 2000-லிருந்து நம் பினாங்கிலேயே இருக்கிறது.

"அப்படின்னா கணக்கு நான் எழுதுறேன்" என்றாள் தங்கை.

கையெழுத்து போடப்படவில்லை. பணத்தின் பெரும்பகுதி அப்படியே இருக்கிறது. கொல்லையில் ஒரே ஒரு குளம் வெட்டினார்கள். குஞ்சு, காப்பார் அம்மா கொடுத்தது. முதல் அறுவடைக்கு என்னையும் கூப்பிட்டார்கள். குழம்பு பிரமாதம். நோட்டுப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். தீனி, சுண்ணாம்பு, வலை, செத்த மீன், விற்ற மீன், பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தது, நாங்கள் சாப்பிட்டது எல்லாம் தேதி போட்டு எழுதியிருந்தாள். கடைசி வரியில் நாற்பது வெள்ளி நஷ்டம்.

"மனசு கஷ்டமா இருக்கா?" என்றேன்.

"நாலு குளமா இருந்தா எவ்வளவு நஷ்டமாகியிருக்கும்னு பார்த்தேண்ணே" என்றாள். "இந்தத் தடவை வலைக்காசு கிடையாது. தீனி எங்கே வீணாச்சுன்னும் தெரிஞ்சுபோச்சு."

காப்பார் பக்கம் போகிற அன்பர்கள் குளங்களைக் கண்டால், எத்தனை குளம் என்று எண்ணாதீர்கள். நோட்டுப் புத்தகம் இருக்கிறதா என்று கேளுங்கள்.