மீதி ஆறு நாட்கள்

பதற்றத்துக்குச் சிகிச்சை பெறும் பிள்ளை வாரத்தில் ஒரு மணி நேரம்தான் ஆலோசகர் முன் உட்காருகிறது. வகுப்பில் எழுந்து நிற்கும்போது வயிற்றைப் பிசைவதும், இரவில் அம்மா கையை விடாமல் பற்றிக்கொள்வதும் மற்ற ஆறு நாட்களில்தான்.

அமெரிக்காவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் பிலிப் கெண்டல் வகுத்த 'கோப்பிங் கேட்' சிகிச்சை 16 அமர்வுகள் கொண்டது. நடுவே வீட்டுப்பாடமும் உண்டு. பயந்த தருணத்தை நோட்டில் எழுத வேண்டும். பாவம், எத்தனை பிள்ளைகளுக்கு அது நினைவிருக்கும்? கிளம்பும் அவசரத்தில் காரில் உட்கார்ந்து நிரப்பினால் அது பயிற்சியே ஆகாது.

பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் ஜெனிஃபர் சில்க்கும் குழுவினரும் கெண்டலோடு சேர்ந்து இதற்கென்றே 'ஸ்மார்ட்கேட்' செயலியை உருவாக்கினார்கள். அதைப் பற்றிய கட்டுரை 2014-இல் வெளியானது. போன் நினைவூட்டும், எதற்குப் பயந்தாய், மனம் என்ன சொன்னது, என்ன செய்து பார்த்தாய் என்று கேட்கும். பிள்ளை தட்டும் பதில் ஆலோசகரின் திரைக்குப் போய்ச் சேரும். அவரும் ஒரு வரி எழுதி அனுப்பலாம்.

ஆலோசகரை ஒதுக்கிவிட்டுச் செயலியை மட்டும் கையில் கொடுப்பது வேறு விஷயம். இங்கே அடுத்த அமர்வு, "செவ்வாய்க்கிழமை நாயைப் பார்த்தும் ஓடாமல் நின்றாயாமே, அதைச் சொல்லு" என்று தொடங்க முடிகிறது.