மேல் ஊற்றும் கீழ் லயமும்

கந்தப்பளை

அன்புள்ள மச்சான்,

வானுக்குள் கட்டிலும் அடுப்பும் 60 லீற்றர் தண்ணீர்த் தாங்கியும் பூட்டி முடித்துவிட்டதாக எழுதியிருந்தாய். மலைநாட்டில் எங்கே நிறுத்தினாலும் ஒரு ஹோஸை மாட்டினால் போதும்தானே என்றும் கேட்டிருந்தாய். போதாது. ஏன் என்பதை இங்கிருந்தே எழுதுகிறேன்.

கந்தப்பளை, நுவரெலியாவிலிருந்து இராகலைக்குப் போகும் பாதையில், 6,000 அடிக்கு மேல் இருக்கிறது. ஹெதர்செட் தோட்டத்துப் பழைய தேயிலைத் தொழிற்சாலை ஹோட்டலாகி நிற்பதும் இந்தப் பக்கத்தில்தான். நான் வானை நிறுத்தியிருப்பது அதிலிருந்து சற்றுத் தள்ளி, கூடாரம் போட இடம் கொடுக்கும் ஒரு மரக்கறிக் காணியின் ஓரம். ஒரு பக்கம் தேயிலை, மறுபக்கம் லீக்ஸும் உருளைக்கிழங்கும்.

எங்கள் ஊரில் தண்ணீர் கீழே கிடக்கும். அள்ள வேண்டும், இல்லையென்றால் மோட்டார் போட வேண்டும். இங்கே அது மேலிருந்து வருகிறது. காட்டோரத்து ஊற்றை மறித்து ஒரு சீமெந்துத் தொட்டி. அதிலிருந்து கறுப்புக் குழாய் தேயிலைக்குள்ளால் இறங்கி, தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்களுக்கு முன்னாலுள்ள பீலிக்கும் பைப்புகளுக்கும் போகிறது. உயரம்தான் இதற்கு மோட்டார். 10 மீற்றர் உயரத்துக்கு ஏறத்தாழ 1 பார் அழுத்தம் வரும். தொட்டி 60 மீற்றர் மேலே இருந்தால் 6 பார். வானுக்குள் நீ ஓட்டியிருக்கும் மெல்லிய குழாய்க்கும் கிளிப் போட்ட மூட்டுகளுக்கும் 3 பாரே தாராளம். பகலில் பத்துப் பேர் பைப்பைத் திறந்திருக்கும்போது இது தெரியவராது. இரவு எல்லாரும் மூடிய பிறகுதான் முழு அழுத்தமும் வந்து நிற்கும். அந்த நேரத்தில் ஹோஸ் மாட்டியபடி இருந்தால் மூட்டு கழன்று உன் மெத்தை நனையும். ஆகவே ஒரு பிரஷர் ரெகியுலேட்டர் வாங்கு. அதை வானின் பக்கம் பூட்டாதே, பைப்பின் வாயிலேயே பூட்டு; அப்போதுதான் ஹோஸும் தப்பும்.

இது உன் வானின் பாதுகாப்பு. இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது.

பைப்படியில் நின்றபோது, கொழுந்து எடுக்கப் போய்க்கொண்டிருந்த அம்மா ஒருவர் நின்று சொன்னார்: "தம்பி, கீழ் லயத்துக்கும் இதே பைப்புதான் போகுது. அங்க தொறந்தா இங்க நின்னுரும்." வரத்து குறைவதைத்தான் அவர் சொன்னார். ஆனால் வரத்து நிற்கும் அதே நேரத்தில் மேல் பைப்பில் உறிஞ்சலும் உண்டாகும். உன் ஹோஸின் நுனி தாங்கிக்குள் மூழ்கிக் கிடந்தால், அதற்குள் இருப்பது பின்னால் இழுபட்டுக் கீழ் லயத்துப் பிள்ளைகளின் குடத்துக்குப் போய்விடும். 1933இல் சிக்காகோ உலகக் கண்காட்சிக்குப் போனவர்கள் தங்கிய ஹோட்டல்களில், கழிவு நீர் குடிநீரில் கலந்து அமீபா வயிற்றுளைவு பரவியது. 98 பேர் இறந்தார்கள். அந்தப் பெரிய நகரத்திலேயே அப்படி நடந்தது.

இங்கே அந்த ஆபத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம். உருளைக்கிழங்குப் பாத்தியின் ஓரத்தில் ஒரு நீல பரல். அதில் வெளிறிய மஞ்சளாகக் கரைத்த பூஞ்சண மருந்து. மருந்துக்குள் அரை முழம் அமிழ்ந்தபடி ஒரு பச்சை ஹோஸ், அதன் மறுமுனை பைப்பில். கிழங்குக்கு வெளிறல் நோய் வந்தால் முழுப் போகமும் போய்விடும்; மருந்து அடிக்காமல் அவர்களால் இருக்க முடியாது. நான் கேட்டுக்கொண்டதும் அந்த அண்ணன் ஹோஸை வெளியே எடுத்து, பரலின் விளிம்புக்கு மேலே கம்பியால் கட்டினார். செலவேயில்லாத இந்த வேலைதான் எல்லாவற்றிலும் நம்பகமானது. குழாயின் நுனிக்கும் தண்ணீர் மட்டத்துக்கும் இடையே, குழாயின் விட்டத்தைப்போல் இரண்டு மடங்கு வெளி விட்டால் போதும், ஒரு துளியும் திரும்பாது. நீயும் நேரே இணைக்காதே. ஹோஸைத் தாங்கியின் வாய்க்கு மேலே பிடித்து நிரப்பு, பைப்பை மூடு, பிறகு உன் சின்ன பம்பை ஓட விடு. நேரே மாட்டியே ஆக வேண்டுமென்றால், தண்ணீரைத் திரும்பி ஓட விடாத நொன்-ரிட்டர்ன் வால்வு இல்லாமல் மாட்டாதே. கழிவறை கழுவும் ஹோஸ் வேறு, இது வேறு. நிறத்தாலேயே பிரித்து வை.

தோட்டத்துக்குப் பாய்ச்சும் சாதாரண ஹோஸ் குடிநீருக்கு ஆகாது. குடிநீருக்கென்று செய்ததைக் கேட்டு வாங்கு. மாட்டுவதற்கு முன் பைப்பின் வாயைத் துடைத்து, கொஞ்ச நேரம் வெறுமனே ஓடவிடு. புறப்படுமுன் தாங்கி நிறையத் தண்ணீர் எடுத்து, வாசனை சேர்க்காத 5 சதவீத பிளீச் 60 மில்லிலீற்றர் ஊற்றி, எல்லாப் பைப்புகளிலும் ஓடவிட்டு ஓர் இரவு வைத்திரு. பிறகு மணம் போகும்வரை கழுவு.

குடிக்கிற தண்ணீரைக் கொதிக்க வை. இந்த உயரத்தில் தண்ணீர் 94 பாகைக்குள்ளேயே கொதித்துவிடும். 6,500 அடிக்கு மேல் 3 நிமிடம் கொதிக்க வேண்டும் என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் கணக்கு. இங்கே அதையே கடைப்பிடி. ஆனால் கொதிக்க வைத்தால் கிருமிதான் சாகும், உரத்தின் நைத்திரேற்று போகாது. யாழ்ப்பாணத்தில் வலிகாமத்துக் கிணறுகளுக்குள் உரம் இறங்கிய கதை உனக்குத் தெரியும். மரக்கறிக் காணிக்குக் கீழே வரும் ஊற்றுக்கும் அதே கதைதான். கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கப் போத்தல் தண்ணீர் கொண்டு வா.

நாங்கள் இரண்டு இரவு தங்கிப் போகிறவர்கள். லயத்தில் இருப்பவர்கள் பிறந்ததிலிருந்து இந்தக் குழாயை நம்பி வாழ்கிறார்கள். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆம் பிரிவு, சபைப் பணத்தைத் தோட்டங்களுக்குள் செலவிடுவதற்குத் தடையாக இருந்தது. 2018இல்தான் அதைத் திருத்தினார்கள். வரி வாங்கும் அரசு இத்தனை காலம் ஒரு தண்ணீர்க் குழாய்க்கு வழிவிடாமல் இருந்ததை நினைக்க எனக்கு ஆத்திரம் வருகிறது.

ஏப்ரல் சீசனில் வராதே. சனக் கூட்டத்தில் வரத்து இன்னும் குறையும். வரும்போது அரை அங்குல நொன்-ரிட்டர்ன் வால்வு நாலைந்து வாங்கி வா. உன் வானுக்கு ஒன்று. மற்றவற்றை இந்தக் காணிகளின் பைப்புகளில் பூட்டலாம். அந்த அண்ணனிடம் பேசிவிட்டேன், ஸ்பனர் அவரிடம் இருக்கிறது.

அன்புடன்,
உன் மச்சான்