காலி டப்பா

கடைசி வருஷ புராஜெக்டுக்கு நான் செய்தது ஒரு சின்ன வலைப்பக்கம். சி மொழியில் நாலு வரி எழுதினால், ஒவ்வொரு வரி ஓடும்போதும் மெமரியில் என்ன நடக்கிறது என்று படமாகக் காட்டும். ஒவ்வொரு வேரியபிளும் ஒரு டப்பா. ‘பி = ஏ’ என்று எழுதினால், ஏ டப்பாவிலிருந்து 5 கிளம்பி, வளைந்து பறந்து, பி டப்பாவில் போய் உட்காரும். அந்த வளைவுக்காக மட்டும் மூன்று ராத்திரி தூங்கவில்லை. முதல் செமஸ்டரில் சி பேப்பரில் அரியர் வைத்தவன் நான். இந்தப் படம் அன்றைக்கே கிடைத்திருந்தால் பாஸாகியிருப்பேன் என்று உறுதியாக நம்பினேன்.

லேபில் ஆறு ஜூனியர்களை உட்கார வைத்துக் காட்டினேன். “செமயா இருக்குண்ணா” என்றார்கள். பிறகு திரையை அணைத்துவிட்டு ஆளுக்கொரு தாள் கொடுத்தேன். ஏ = 5, பி = ஏ. இப்போது ஏ-வில் என்ன இருக்கும்?

ஒரு பெண் 0 என்று எழுதியிருந்தாள். ஏம்மா என்று கேட்டேன். “5தான் அந்தப் பக்கம் போயிடுச்சேண்ணா. எடுத்தா டப்பா காலிதானே?”

எனக்குப் பேச்சு வரவில்லை. ஏ-வில் 5 அப்படியேதான் இருந்தது, திரையிலும் இருந்தது. ஆனால் கண் பறக்கிற எண்ணின் பின்னால்தானே போகும்? அவள் தப்பாகப் படிக்கவில்லை. நான் காட்டியதைச் சரியாகப் படித்திருந்தாள். அரியர் வைத்தவன் இன்னொரு அரியருக்கு வழி செய்திருந்தேன்.

இந்த ஆசை பழையது. 1981-லேயே டொரண்டோ பல்கலைக்கழகத்தில் ரொனால்ட் பேக்கர், ஒன்பது வரிசைப்படுத்தும் முறைகளை அரை மணி நேரப் படமாக எடுத்துக் காட்டினார். 2002-ல் ஹண்ட்ஹவுசன், டக்ளஸ், ஸ்டாஸ்கோ மூவரும் இப்படிப்பட்ட படங்களை வைத்து நடந்த 24 சோதனைகளை ஒப்பிட்டார்கள். படம் எதைக் காட்டுகிறது என்பதைவிட, படிப்பவர் அதை வைத்து என்ன செய்கிறார் என்பதுதான் முக்கியம் என்று அவர்களுக்குத் தெரிந்தது. அந்தக் கட்டுரையை நான் அந்தத் தாளுக்கு அப்புறம்தான் படித்தேன்.

வளைவைத் தூக்கினேன். ஒவ்வொரு வரிக்கு முன்பும் பக்கம் நின்றுவிடும். இந்த வரி ஓடிய பின் டப்பாக்களில் என்ன இருக்கும் என்று நீங்கள் தட்டினால்தான் நகரும். அதே பெண் மூன்று முறை தப்பாகத் தட்டினாள். “முன்னாடி இருந்ததே நல்லா இருந்துச்சுண்ணா” என்று எரிச்சலோடு சொன்னாள். மறுநாள் தாளில் 5 எழுதினாள். ஒரே ஒருத்தி, ஒரே ஒரு தாள். இதை ஆய்வு முடிவு என்று சொன்னால் சிரிப்பார்கள்.

வைவாவில் எக்ஸ்டர்னல் கேட்ட முதல் கேள்வி: “அனிமேஷன் எதுவும் இல்லையாப்பா?”

இப்போதும் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு போர்டில் கட்டம் கட்டமாக வரைந்து விளக்குவேன். எல்லோரும் தலையாட்டுவார்கள். பாதியில் நிறுத்தி மார்க்கரை யாரிடமாவது நீட்டுவேன். “அடுத்து டேட்டா எங்க போகும்? நீங்க வரைங்க.”

கொஞ்ச நேரம் யாரும் வாங்க மாட்டார்கள். கையை நீட்டியபடியே நிற்பேன்.