கோடைக் காற்று

நம் முன்னோர் காற்றை அது வரும் திசை நோக்கி நால்வகையாகப் பகுத்தனர். தெற்கிலிருந்து வருவது தென்றல். வடக்கிலிருந்து வருவது வாடை. கிழக்கிலிருந்து வருவது கொண்டல். மேற்கிலிருந்து வருவது கோடை. மேல்காற்றுக்கும் வெயிற்காலத்துக்கும் ஒரே பெயர் அமைந்தமை கருதத்தக்கது. காஞ்சிமாநகரில் வளர்ந்த எனக்கு அப்பெயரின் பொருத்தத்தை நிகண்டு விளக்க வேண்டுவதில்லை. வைகாசியிலும் ஆனியிலும் மேல்காற்று எழுந்து, கடற்காற்றை வரவொட்டாது தடுக்கும் நாளில், நண்பகலில் தெருவில் நடப்பாரைக் காண்டல் அரிது.

அரபிக் கடலில் ஈரம் பருகிப் புறப்படும் காற்று நம்மிடம் வரும்போது மட்டும் சுடுவது ஏன்? இதற்கு விடை மேற்குத் தொடர்ச்சி மலையில் உளது. ஈரம் நிறைந்த காற்று மலையேறுங்கால் 1,000 மீட்டருக்கு ஏறத்தாழ 5 அல்லது 6 பாகை குளிர்கின்றது. நீராவி மழையாகும்போது தன்னுள் அடங்கிய வெப்பத்தை வெளிவிடுதலால், குளிர்ச்சி அவ்வளவோடு நிற்கின்றது. மழையை மலையாளக் கரையில் உதிர்த்துவிட்டு மறுபுறம் இறங்குங்கால், அதே காற்று 1,000 மீட்டருக்கு ஏறத்தாழ 10 பாகை சூடேறுகின்றது. பின்னர் வறண்ட நிலத்தின் வெம்மையும் உடன்சேர, அது காஞ்சியை அடைகின்றது.

ஐரோப்பாவில் ஆல்ப்ஸ் மலையினின்று இறங்கும் வெங்காற்றை ‘ஃபோயன்’ என்பர். மேல்காற்றைக் குறிக்கும் ‘ஃபவோனியஸ்’ என்னும் இலத்தீன் சொல்லே இங்ஙனம் திரிந்தது என்பர் மொழிநூலார். ஆப்பிரிக்கப் பாலைவனத்து வெப்பமே அக்காற்றில் வருகின்றது எனப் பலர் எண்ணியிருந்த காலத்தில், மலையிறக்கமே வெம்மைக்குக் காரணம் என்று 1866ஆம் ஆண்டில் விளக்கியவர் ஜூலியஸ் ஹான் என்னும் ஆஸ்திரிய அறிஞர். வட அமெரிக்காவில் இத்தகைய காற்றைச் ‘சினூக்’ என்றும், பனியைத் தின்னும் காற்று என்றும் வழங்குவர். அங்கு ஸ்பியர்ஃபிஷ் என்னும் ஊரில் 1943 ஜனவரி 22ஆம் நாள், உறைநிலைக்கு 20 பாகை கீழிருந்த வெப்பநிலை இரண்டே நிமிடத்தில் உறைநிலைக்கு 7 பாகை மேலேறிற்று. இத்தகைய காற்றின்முன் பனி எங்ஙனம் நிலைக்கும்?

பனியை நம்பி வாழும் ஊர்களுக்கு இது சிறு செய்தியன்று. ஃபோயன் காற்றுக்குப் பெயர்போன இன்ஸ்புருக் நகரில் 1964ஆம் ஆண்டு குளிர்கால ஒலிம்பிக் பந்தயம் நடந்தபோது பனி போதாமையால், படைவீரர் மலையுச்சியிலிருந்து பனியைச் சுமந்து கொணர்ந்தனர். நம் நாட்டில், ஏறத்தாழ 2,650 மீட்டர் உயரத்திலுள்ள காச்மீரத்துக் குல்மார்க்கும் 2024 ஜனவரியில் பனியின்றிப் புல்தரையாய்க் கிடந்தது. அங்குக் காரணம் வேறு. மத்தியதரைக் கடற்பக்கத்திலிருந்து ஈரம் கொணரும் மேலைக் காற்றுச் சுழல்கள் உரிய காலத்தில் வரவில்லை. 2025 பிப்ரவரியில் அங்கு நடக்கவிருந்த பனிச்சறுக்குப் பந்தயங்களும் பனி இன்மையால் மார்ச்சுக்குத் தள்ளிவைக்கப்பட்டன.

எங்கள் தெருவில் பட்டு நெய்யும் முதியவர் ஒருவருக்கு இச்செய்தியைக் கூறினேன். குதிரை நடத்துவோரும், பனிமேல் சறுக்குவண்டி இழுப்போரும் அங்கு உளர் என்றேன். அவர் மலையின் உயரத்தைக் கேட்கவில்லை. விளையாட்டின் விதத்தையும் கேட்கவில்லை. “பனி விழாவிட்டால் அந்த வண்டி இழுக்கிறவன் வீட்டில் அடுப்பு எரியுமா, தம்பி?” என்றார்.

அவர் அங்ஙனம் வினவியதில் வியப்பில்லை. மேல்காற்று மிக்க நாளில் பட்டிழை வறண்டு அடிக்கடி அறும். மேற்குச் சாளரத்தை அடைத்து, தறிக்குழியைச் சுற்றி நீர் தெளித்து அவர் அமர்ந்தாலும், பொழுதெல்லாம் அறுந்த இழையைப் பிணைப்பதிலேயே கழியும். கூலியோ நெய்து முடித்த சேலைக்கேயன்றிப் பிணைத்த இழைக்கு அன்று. மாரிக்காலத்தில் தெருவில் பாவு நீட்டிக் காயவைக்க இயலாத நாட்களும் இவ்வாறே கழியும். ஆதலின், காணாத நாட்டு வண்டிக்காரனின் துயரை அவர் கேட்ட அளவிலேயே உணர்ந்தார்.

காற்றைத் திருப்ப நம்மால் இயலாது. ஆனால், காற்றால் இழந்த நாளின் சுமை முழுவதையும் உழைப்பாளி ஒருவனே தாங்குதல் இயற்கை வகுத்த விதியன்று. மாந்தர் வகுத்த முறையே. மாந்தர் வகுத்ததை மாந்தர் மாற்றலாம். காஞ்சியில் நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் பல உள. அவை நெய்த சேலையோடு, நெய்ய இயலாத நாளையும் கணக்கில் கொள்ளும் காலம் வருமாயின், கோடைக் காற்றின் கொடுமை பாதியேனும் தணியும்.