கைகோத்தால்தான் கல்யாணம்

குர்துகள் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகிறவர்கள் எதைக் கட்டிக்கொள்வது என்று கவலைப்பட வேண்டாம். அதை அந்த வீட்டுப் பெண்கள் பார்த்துக்கொள்வார்கள். கவலைப்பட வேண்டியது செருப்பைப் பற்றித்தான். மணிக்கணக்கில் ஆட வேண்டியிருக்கும். ‘சும்மா பார்க்க வந்தேன்’ என்று நாற்காலியில் சாய்ந்துகொண்டால் உடம்புக்கு ஏதோ சரியில்லை என்று தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கிறார்கள்.

துபாயில் என்னோடு வேலை பார்த்த தோழி, தம்பி கல்யாணத்துக்கு அழைத்திருந்தாள். ஊர் ஈராக்கின் வடகிழக்கில் உள்ள சுலைமானியா. ஊர்க்காரர்கள் ‘ஸ்லேமானி’ என்பார்கள். 1784இல் பாபான் வம்சத்து இப்ராஹிம் பாஷா எழுப்பிய நகரம். எந்தத் தெருமுனையில் நின்றாலும் கோய்ஷா மலை கண்ணில் படும். நான் போனது ஏப்ரலில். மலை அடிவாரம் முழுக்கப் பச்சை. ஏப்ரலில் யஸீதி சமயத்தவர்கள் மட்டும் கல்யாணம் வைப்பதில்லை. அந்த மாதமே ஆண்டின் மணப்பெண், அவளுக்குப் போட்டியாக இன்னொருத்தியை அலங்கரித்து உட்கார வைப்பது தகாது என்பது அவர்கள் நம்பிக்கை. தோழியின் குடும்பம் முஸ்லிம் குடும்பம். அவர்களுக்கு அந்தத் தடை இல்லை.

விமானத்திலேயே ஒரு தாளில் சொற்களை எழுதிக் கொடுத்துவிட்டாள். மணப்பெண் ‘பூக்’. மாப்பிள்ளை ‘ஸாவா’. கல்யாணம் ‘ஸமாவந்த்’. வாழ்த்த வேண்டுமானால் ‘பீரோஸ் பே’. நன்றிக்கு ‘ஸுபாஸ்’. யாராவது ஏதாவது கேட்டால் ‘ஸர் ச்சாவ்’ என்று சொல்லிவிட வேண்டும். ‘என் கண்மேல்’ என்று பொருள், நாம் ‘உத்தரவு’ என்பதுபோல. இதெல்லாம் குர்திய மொழியின் சொரானி வழக்கு. துருக்கிப் பக்கமும் சிரியாப் பக்கமும் பேசுகிற குர்மாஞ்சியில் கல்யாணம் ‘தாவத்’, மாப்பிள்ளை ‘ஸவா’; எழுத்தும் வேறு. இங்கே அரபு எழுத்தைத் திருத்தி எழுதுகிறார்கள், அங்கே லத்தீன் எழுத்து. பூக் மட்டும் இரண்டிலும் பூக்தான். சில சொற்களின் முதலில் வரும் காற்றொலிக்கு நம் எழுத்தில் இடமில்லை. ஆய்தத்தைத் தொண்டையிலிருந்து கொஞ்சம் கரகரப்பாக இழுத்தால் ஏறக்குறைய வந்துவிடுகிறது.

நான் போவதற்குள் பாதிக் கல்யாணம் முடிந்திருந்தது. பெண் கேட்கப் போவது ‘குவாஸ்பேனி’. சம்மதமானால் இனிப்பு, அது ‘ஷீரினி’. பிறகு மோதிரம். பிறகு ‘மாரயி’, அதாவது மஹர், மாப்பிள்ளை பெண்ணுக்குத் தர வேண்டிய மணக்கொடை. அது இரண்டு பங்கு: ‘பேஷகி’ முன்னால் கொடுப்பது, ‘பாஷகி’ பின்னால் எப்போதாவது தேவைப்பட்டால் கொடுக்க வேண்டியது, குறிப்பாக விவாகரத்தில். இரண்டையும் பெரும்பாலும் தங்கத்தில்தான் எழுதுகிறார்கள், மிஸ்கால் கணக்கில். ஈராக் நகைக் கடையில் ஒரு மிஸ்கால் 5 கிராம். தங்கம் 21 காரட். கடைவீதியில் தங்கத்தால் ஆன இடுப்புப் பட்டைகளும், மார்பை மூடும் அளவுக்கு அகன்ற சங்கிலிகளும் தொங்குகின்றன. இந்தத் தங்கமெல்லாம் மாப்பிள்ளை வீட்டார் பெண்ணுக்குப் போடுவது. எனக்குக் கேட்கக் குளிர்ச்சியாகத்தான் இருந்தது. ஆனால் தோழியின் தம்பி முகத்தைப் பார்த்தால் அங்கேயும் கடன் கடன்தான் என்று தெரிந்தது.

எல்லாமே பூவும் இனிப்புமாக இருந்ததில்லை. இரு வீடுகள் பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் ‘ஜின் ப ஜின்’ என்ற பழக்கம் உண்டு. ஒரு ஜோடி பிரிந்தால் இன்னொரு ஜோடியையும் பிரித்துவிடுவார்கள், அவர்கள் எவ்வளவு ஒற்றுமையாக இருந்தாலும். இப்போது குறைந்துவிட்டது என்றாள் தோழி. 2008இல் ஈராக்கின் குர்திஸ்தான் பகுதி நாடாளுமன்றம் குடும்பச் சட்டத்தைத் திருத்தி, இரண்டாம் திருமணத்துக்கான நிபந்தனைகளை இறுக்கியது. 2011இல் குடும்ப வன்முறைக்கு எதிராகத் தனிச் சட்டம் வந்தது. “சட்டம் நல்லாத்தான் இருக்கு, சித்தப்பாக்கள்தான் அதைப் படிக்கலை” என்றாள்.

முதல் நாள் இரவு மருதாணி, ‘கெனபந்தான்’. பெண்கள் மட்டும். தட்டில் குழைத்த மருதாணியும் நடுவே மெழுகுவர்த்திகளுமாகச் சிறுமிகள் சுற்றி வந்தார்கள். நம் ஊரைப் போல விரல் நுனிக்குத் தொப்பி வைப்பதில்லை. உள்ளங்கையில் ஒரு உருண்டை, அதை மூடித் துணியால் ஒரு கட்டு. பாட்டிமார் நாக்கை மடித்து எழுப்பிய குலவையில் சுவர்க் கடிகாரம் அதிர்ந்தது. அந்தக் குலவையின் பெயர் ‘ஹல்ஹலா’.

கல்யாணத்தன்று மாலை தோழியின் அம்மா என்னை ஒரு அறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினார். முதலில் பளபளக்கும் உள்ளாடை. மேலே ‘கிராஸ்’: தரைவரை நீளும், கண்ணாடி போன்ற மெல்லிய துணியில் ஜிகினா தைத்த அங்கி. அதன் கைகள் மணிக்கட்டில் முடிவதில்லை. முனையில் ஈட்டிபோல் கூராகி முழங்கால்வரை தொங்குகின்றன. அந்த வாலுக்கு ‘ஃபக்யானா’ என்று பெயர். இரண்டையும் பின்னுக்கு வளைத்துக் கழுத்துக்குப் பின்னால் முடிச்சுப் போட்டார் அம்மா. “ஆடும்போது அவிழ்ந்தா பக்கத்துல இருக்கறவங்க கண்ணுல பட்டுடும், குஷ்கே கியான்” என்றார். குஷ்க் என்றால் சகோதரி. கியான் என்றால் உயிர். பால்காரர் முதல் பேத்தி வரை எல்லாரையும் இந்த ஊர் உயிரே என்றுதான் கூப்பிடுகிறது. அதற்குள் ஆண்கள் இடுப்பில் ‘பிஷ்தேன்’ சுற்றிக்கொண்டிருந்தார்கள். பல முழ நீளத் துணி அது. ஒருவர் ஒரு நுனியை இழுத்துப் பிடிக்க, இன்னொருவர் தானே பம்பரமாகச் சுழன்று சுழன்று அதை இடுப்பில் ஏற்றிக்கொண்டார். மாமா ஒருவர் மட்டும் காலில் ‘கிலாஷ்’ போட்டிருந்தார். ஹவ்ராமான் மலைக்காரர்கள் கையால் செய்கிற வெள்ளைக் காலணி. மேலே பருத்தி நூல் பின்னல், கீழே கந்தல் துணியை இடித்து இறுக்கிய அடிப்பாகம். அதைப் போட்டவர் கடைசிவரை உட்காரவே இல்லை என்பதைக் கவனித்துக்கொண்டேன்.

மண்டபத்துக்குள் நுழைந்ததும் மேடை எங்கே என்று தேடினேன். பெண்ணும் மாப்பிள்ளையும் உட்கார ஒரு சோபா இருந்தது, ஆனால் யாரும் அதைப் பார்த்து உட்காரவில்லை. மேசைகளெல்லாம் சுவரோரம். நடுவில் பெரிய வெற்றிடம். ஒப்பந்தம், கையெழுத்து, ஓதல் எல்லாம் முன்பே முடிந்துவிட்டன. இனி மிச்சமிருந்தது ‘ஹல்பர்கே’ மட்டும். அதுதான் கல்யாணமே என்பது அரை மணியில் புரிந்தது. குர்மாஞ்சியில் இதற்கு ‘கோவந்த்’ என்று பெயர்.

வரிசையாக நின்று கைகோத்துக்கொள்கிறார்கள். விரலுக்குள் விரல், தோளோடு தோள். நடுவில் காற்று புக இடமில்லை. வலக்கோடியில் நிற்பவர் ‘ஸர்ச்சோப்பி’, வரிசைக்குத் தலை. அவர் கையில் ஜிகினாக் கைக்குட்டை. அதைச் சுழற்றுவதைப் பார்த்துத்தான் பின்னால் இருப்பவர்கள் வேகத்தைக் கூட்டுகிறார்கள், குறைக்கிறார்கள். தலைமை ஒரு மரியாதை. மாப்பிள்ளையின் தாய்மாமாவுக்குக் கொஞ்சம் நேரம், பெண்ணின் அண்ணனுக்குக் கொஞ்சம் நேரம் என்று கைக்குட்டை கைமாறியது. யாருக்கு எவ்வளவு நேரம் என்பதில் ஒரு கண்ணுக்குத் தெரியாத கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. நம் பந்தியில் முதல் இலை யாருக்கு என்பதைப் போல. ஆணும் பெண்ணும் மாறி மாறி நிற்கும் வரிசைக்கு ‘ரஷ்பலக்’ என்று பெயர். ‘கெனிம் உ ஜோ’ என்றும் சொல்கிறார்கள்: கோதுமையும் பார்லியும்.

என்னை நடுவில் சொருகினார்கள். இடப்பக்கம் பெண்ணின் அத்தை, வலப்பக்கம் பல் மருத்துவம் படிக்கும் ஒரு பையன். “ஸேபே, ஸேபே!” என்றான் பையன். மூன்றடி ஆட்டம். “யெக், து, ஸே” என்று எண்ணிக்கொடுத்தான். காலைப் பார்த்து ஆடினால் கால் சிக்குகிறது. தோளை விட்டுக்கொடுத்தால் போதும், பக்கத்துத் தோள் ஏறும்போது நம் தோளும் ஏறுகிறது, கால் தானே வந்து சேர்கிறது. அத்தை என் விரல்களை விட்டதே இல்லை. நடனத்தை யாரும் எனக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. ஆளை இழுத்துக்கொண்டு போனார்கள், அவ்வளவுதான். இரு வீட்டாரும் அந்தக் கோட்டில் கலந்து கிடந்தார்கள். மிஸ்கால் கணக்கில் முகம் சுளித்திருந்த ஒரு பெரியப்பா, எதிர்வீட்டுப் பெரியப்பாவின் விரல்களைக் கோத்துக்கொண்டு முட்டியை மடக்கிக் குதித்துக்கொண்டிருந்தார்.

கீபோர்டு வாசிப்பவரும் பாடகரும் இடைவெளியே விடவில்லை. நடுநடுவே பாடகர் பாட்டுக்குள்ளேயே ஒருவர் பெயரைச் சொல்லிப் புகழ, அவர் தினார் நோட்டுகளோடு வருகிறார். அந்தப் பணம் ‘ஷாபாஷ்’. நாம் தினம் சொல்கிற சபாஷேதான், அங்கே ரொக்கமாக விழுகிறது. சாப்பாட்டைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. சோறு, ஆட்டுக்கறி, திராட்சை இலையிலும் வெங்காயத்திலும் அரிசி அடைத்த ‘யாப்ராக்’, மோர். ஆட்டத்துக்கு இடையூறாகத்தான் எல்லாரும் அதைக் கருதினார்கள்.

மூச்சு வாங்க உட்கார்ந்தபோது பக்கத்தில் கறுப்பு உடையில் ஒரு மூதாட்டி இருந்தார். முந்தின நாள்தான் ‘அம்னா சுரகா’ போயிருந்தேன். சதாமின் உளவுத்துறை சிறையாக இருந்து இப்போது அருங்காட்சியகமாகிவிட்ட இடம். நுழைந்ததும் ஒரு கண்ணாடிக் கூடம்: சதாம் அரசு குர்துகள்மீது நடத்திய ‘அன்ஃபால்’ படுகொலையில் பலியானவர்களுக்காக 1,82,000 கண்ணாடித் துண்டுகள், அழிக்கப்பட்ட ஊர்களுக்காக 4,500 விளக்குகள். மூதாட்டியும் 1988இல் அப்படி அழிந்த ஒரு ஊரிலிருந்து வந்தவர். தோழி மொழிபெயர்த்தாள். அக்கம்பக்கத்தில் சாவு விழுந்தால் அந்த வீட்டில் போய் அனுமதி கேட்காமல் கல்யாணத்துக்குத் தஹோல் மேளம் அடிக்க மாட்டார்களாம். “அந்த வருஷம் அனுமதி கேக்கறதுக்கும் ஆள் இல்லை, கொடுக்கறதுக்கும் ஆள் இல்லை” என்றார். பிறகு ஒரு நாள் பக்கத்து வீட்டுப் பெண் கலர்த் துணி ஒன்றைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்து, என் மகள் கல்யாணத்துக்குக் கறுப்பைக் கழற்றிவிட்டு வா என்றாளாம். போனாராம். திரும்பி வந்து மறுபடி கறுப்பு. “ஆட மட்டும் கலர்” என்று சிரித்தவர், நீ ஏன் உட்கார்ந்திருக்கிறாய் என்று என்னை எழுப்பிவிட்டார். பாடகர் வேறு ஏதோ தாளத்துக்கு மாறியிருந்தார். மூதாட்டியின் கால் மேசைக்கடியில் அதற்குச் சரியாக அடியெடுத்துக்கொண்டிருந்தது.

எல்லை தாண்டினால் இதே வரிசைக்கு வேறு விலை. துருக்கியில் 2024 கோடையில் கல்யாணங்களில் பாடிய பாட்டையும் ஆடிய ஆட்டத்தையும் படம்பிடித்த காணொளிகளை வைத்து, பயங்கரவாதப் பிரசாரம் என்று பலரைப் பிடித்துப் போனார்கள். மண்டபத்திலிருந்த இளைஞர்கள் அதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த பாட்டுக்கு எழுந்தார்கள்.

மண்டபக்காரர் விளக்குகளைப் பாதி அணைத்து, நேரமாயிற்று என்று கைதட்டினார். கீபோர்டைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்கள். சரி, முடிந்தது என்று என் கிராஸைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தால், கார் நிறுத்துமிடத்தில் தஹோலும் ஸுர்னாவும் காத்திருந்தன. உள்ளே வர இடமில்லாமல் இருந்தவர்கள் போல. தஹோல்காரர் வலக்கையில் வளைந்த தடிக்கம்பு, இடக்கையில் மெல்லிய குச்சி. ஒன்று நெஞ்சில் இடித்தது, மற்றது தோலைக் கிள்ளியது. ஸுர்னாக்காரர் கன்னத்தை உப்பிக்கொண்டு மூக்கால் மூச்சை இழுத்து, நாதத்தை அறுக்காமல் ஊதினார். கார்களுக்கு நடுவே கோடு ஒன்று வளைந்து வளைந்து உருவானது. பெண்ணின் வெள்ளைக் கவுனின் தரையில் புரளும் பகுதியை மாமியார் கையில் சுருட்டிப் பிடித்திருந்தார், இன்னொரு கை வரிசையில். பூட்டிக்கொண்டு வந்த மண்டபக்காரர் சாவிக்கொத்தைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு எனக்கும் அத்தைக்கும் நடுவில் புகுந்தார். அத்தைக்குப் பிடிக்கவில்லை, அவரை ஓர் ஆள் தள்ளி அந்தப் பக்கம் நிற்கச் சொல்லிவிட்டு என் கையைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.